பிறபொருளெதிரி

கல்ஓயாச் சந்தியில் தண்டவாளத்தில் யானை நின்றதாம்.
இரவு ரயில் நான்கு மணித்தியாலம் பிந்திற்று.
திருகோணமலை ஸ்டேஷன் பார்சல் கந்தோரில்
முபீஸ் ரெஜிபோம் பெட்டியைக் காதருகே குலுக்கினான்:
"மிஸ், உள்ளுக்குத் தண்ணிச் சத்தம்."

ஐஸ் கரைந்துவிட்டது. குப்பி மட்டும் இன்னும் குளிர்.
நூறு மைக்ரோலீட்டர்,
சரித்துப் பிடித்தால் சுவரில் ஒட்டிக் காணாமற்போகிற அளவு.
இதற்கு ஒன்பது மாதம், மூன்று கையெழுத்து,
டொலர் இல்லையென்று திரும்பி வந்த இரண்டு கடிதம்.
மீன்வாடியில் ஐஸ் வாங்கி நிரப்பினோம்.
கோட்டை வாசலில் மான்கள் வீதியைக் கடக்கும்வரை
ஓட்டோ நின்றது.
மடியில் பெட்டி சூரை மீன் வாசத்துடன்.

உயர்தரப் பரீட்சைக்குப் பாடமாக்கிய சொல்:
பிற. பொருள். எதிரி.
மூன்றையும் ஒட்டவைத்தவர்
எந்த ஊரில், எந்த வருடத்தில் இருந்தாரோ.
இதற்குள் எதிரி யாருமில்லை.
எங்கோ ஒரு முயலுக்கு ஊசி போட்டார்கள்.
தன்னுடையதல்லாத ஒன்றை முயல் கண்டுகொண்டது.
அந்தக் கண்டுகொள்ளலை வடித்து அடைத்து
விலை போட்டார்கள்.

கிண்ணியா இறைச்சிக்கடையில்
குட்டி ஆட்டின் நெஞ்செலும்புக்குப் பின்னால்
கொழுப்பென்று எறிகிற வெளிறிய துண்டு, தைமஸ்.
"இதையா? பூனைக்குத்தான் போடுறது"
என்று காசு வாங்க மறுத்தார் கடைக்காரர்.

அதற்குள் ரீ-கலங்கள் வரிசையில் நிற்கின்றன.
சொந்த உடலை அறியாதது சாகும்.
சொந்த உடலை மிஞ்சி அறிந்து பாயப் பார்ப்பதும் சாகும்.
நூற்றில் இரண்டோ மூன்றோ வெளியே வரும்.
நிற்பதா போவதா என்கிற அந்த இடத்தில்
ஒரு புரதம் வேலை செய்கிறது.
ஆட்டிலும் அது உண்டா? எங்கள் கேள்வி இவ்வளவே.
குப்பியோடு வந்த தாளில்
மனிதர், எலி என்றிருந்தது. ஆடு இல்லை.

முதல் நாள் எல்லாமே எரிந்தது.
தைமஸில் கோடு. ஈரலில் கோடு. தொடைத்தசையிலும்.
எதைக் காட்டினாலும் ஓம், ஓம், ஓம்.

எனக்கு ஆறு வயது.
விளையாட்டுத் திடலில் ஆண்களை இருத்தினார்கள்.
ஜீப்புக்குள் சாக்கு மூடிய ஒருவன்,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
தலையாட்டி என்ற பெயரைப் பிறகுதான் அறிந்தேன்.
அப்பா வீட்டுக்கு வந்தார்.
அப்பாவுக்கு முன்னால் நின்ற
பேக்கரி அருமைநாயகம் வரவில்லை.
யாரையும் தெரியாமல் ஆட்டினானா,
எல்லாரையும் தெரிந்ததால் ஆட்டினானா,
வெயிலில் சாக்குக்குள் வியர்த்து
கழுத்து தானாக விழுந்ததா?
ஒப்பிட்டுப் பார்க்க
அவனுக்கு எதிரே ஒரு ஈரலை யாரும் வைக்கவில்லை.

யதுர்ஷிகா சொன்னாள்:
"செறிவு கூட, மிஸ். மூடினதும் காணாது."
மூடுவது பால்மாவால்.
சவ்வின் வெறும் இடங்களையெல்லாம் பால் நிரப்பினால்
கண்ட இடத்தில் ஒட்டாது.
பால்மாவுக்கு நகரில் வரிசை.
நாற்பது நிமிடம் நின்றேன்.
பின்னால் நின்றவள் கேட்டாள், "பிள்ளைக்கா?"
நான் தலையை ஆட்டினேன்.

ஐயாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்தோம்.
குளிரறையில் இரவு முழுக்க அசைந்தது தட்டு.
கரண்ட் போகவில்லை, அதிசயம்தான்.

காலை, தைமஸில் ஒற்றைக் கோடு.
தசை சுத்தம்.
ஈரலில்…
உற்றுப் பார்த்தால் இருக்கிறது. பார்வையை எடுத்தால் இல்லை.
"ஈரலை வெட்டிப்போட்டுப் படத்தைப் போடுவமே, மிஸ்?"
பகிடிக்குத்தான் கேட்டாள், பாதி.

குப்பியில் மிச்சமிருந்ததைச் சிறு குழாய்களில் பிரித்து
திகதி எழுதி உறையவைத்தேன்.
குறிப்பேட்டை விரித்தேன்.
தைமஸ்: உண்டு.
தசை: இல்லை.
ஈரல்:
பேனை கொஞ்ச நேரம் நின்றது,
பிறகு எழுதிற்று,
தெரியவில்லை.